கொத்தனாரின் நல்ல பெயர் யாருக்குச் சொந்தம்?

நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால் யாரும் பிளம்பரைத் தேடி அலைவதில்லை. பராமரிப்பு அலுவலகத்தில் புகார் சொல்லிவிட்டு வந்தால் போதும். ஆள் இன்றைக்கு வரலாம், நாளை மறுநாளும் வரலாம். ஆனால் அனுப்பிவைப்பது கம்பெனியின் பொறுப்பு. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபோது சுரங்கத்தோடும் அனல்மின் நிலையத்தோடும் சேர்ந்து, வீட்டையும் சாலையையும் குடிநீரையும் தானே கவனித்துக்கொள்ளும் ஓர் ஊரும் பிறந்தது. பணி ஓய்வு பெற்றால் அந்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும். நகரியத்தின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வடக்குத்தும் இந்திரா நகரும் இவ்வளவு வளர்ந்ததில், அப்படி வெளியே வந்து மனை வாங்கிய குடும்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பணிக்காலம் முழுக்கப் புகார் எழுதிப் பழகியவருக்கு, சொந்த வீட்டில்தான் முதன்முதலாக ஒரு பிளம்பரின் கைபேசி எண் தேவைப்படுகிறது.

அந்த எண்ணை ஹார்டுவேர் கடைக்காரர் தருவார்; இல்லாவிட்டால் எதிர் மனையில் தளம் போட்டுக்கொண்டிருக்கும் மேஸ்திரி தருவார். "நம்ம ஆளுதான் சார், கை சுத்தம்" என்று ஒரு சான்றிதழும் கூடவே வரும்.

இந்த வாய்ச்சொல் சான்றிதழைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவது நகரத்துக்காரர்களின் வழக்கம். அதற்கும் விலை உண்டு என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் கைகாட்டும் கொத்தனார் சிமெண்டையும் டைல்ஸையும் அதே கடையில் வாங்கச் சொல்வார். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்றே டோக்கன் வைக்கப்படுவது தொழிலில் ஊரறிந்த சங்கதி. சுவருக்கு எந்தக் கம்பெனி பெயிண்ட் என்பதைப் பல வீடுகளில் அந்த டோக்கன்தான் தீர்மானிக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் கான்ட்ராக்ட் பேசி அட்வான்ஸ் வாங்கியவர், பெரிய சைட் ஒன்று கிடைத்ததும் பாதிப் பூச்சு வேலையோடு நின்றுவிடுவார். போனை எடுக்க மாட்டார். கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பில்லும் இல்லாமல், எழுத்தில் ஒப்பந்தமும் இல்லாமல் கையில் பணத்தைக் கொடுத்தவர் அங்கே போய் எதைக் காட்டுவார்?

தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தாலும் இந்தச் சங்கிலி எல்லோரையும் ஒன்றுபோல நடத்துவதில்லை. முதலில் யாருடைய பெயர் சொல்லப்படும் என்பதில் உறவும் சாதியும் நுழைந்துவிடுகின்றன. வெளி மாநிலத்திலிருந்து வந்த டைல்ஸ் தொழிலாளி எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும், அவரைச் சிபாரிசு செய்ய ஒரு மாமாவோ மச்சானோ இங்கே இல்லை.

இந்தக் குறையை வைத்துத்தான் ஒரு பெருந்தொழில் எழுந்தது. 1996இல் ஜஸ்ட் டயல் தொலைபேசி வழியாகக் கடை எண்களைச் சொல்லத் தொடங்கியது. அமெரிக்காவில் வாழும் இந்தியர்களுக்கான இணையதளமாகப் பிறந்த சுலேகா, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வீட்டுச் சேவைகளுக்குத் திரும்பியது. 2014இல் அர்பன்கிளாப் வந்தது. அதே காலத்தில் வந்தவற்றில் பல மூடப்பட்டன; மும்பையின் டாஸ்க்பாப் 2017 தொடக்கத்திலேயே கதவடைத்தது. அர்பன்கிளாப் 2020இல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டு நிலைத்தது. 2025 செப்டம்பரில் 103 ரூபாய்க்கு வெளியிட்ட அதன் பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளே ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் விலையில் தொடங்கியது. பிளம்பரையும் அழகுக்கலைஞரையும் வீட்டுக்கு அனுப்பும் வேலைக்குப் பங்குச் சந்தை கொடுத்த மதிப்பு அது.

இந்தச் செயலிகள் செய்யும் நன்மையை மறுக்க முடியாது. வருபவர் யார் என்று முன்கூட்டியே தெரிகிறது, அடையாளம் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. பகலில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. குழாய் மாற்ற எவ்வளவு, மின்விசிறி மாட்ட எவ்வளவு என்று விலை எழுதியிருக்கிறது. பில் வருகிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். மேஸ்திரியிடம் இப்படி ஒரு கெடு வைக்க எந்த வீட்டுக்காரராலும் முடிந்ததில்லை.

ஆனால் இந்த வசதியின் மறுபக்கத்தில் நிற்பவர்களின் கணக்கு வேறு. 2021 அக்டோபரில் அர்பன் கம்பெனியின் குருகிராம் அலுவலகத்துக்கு முன்னால் அழகுக்கலைப் பெண்கள் திரண்டார்கள். கமிஷனும் அபராதமும் தங்கள் வருமானத்தைத் தின்றுவிடுகின்றன என்பது அவர்கள் புகார். நிறுவனம் உச்சபட்சக் கமிஷனை 30 விழுக்காட்டிலிருந்து 25 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. டிசம்பரில் மறுபடியும் போராட்டம் வெடித்தபோது, போராடியவர்கள் மீதே நிறுவனம் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கியது. 2023இல் பல நகரங்களில் பெண்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். அப்போதைய குற்றச்சாட்டு, மதிப்பெண் குறைந்தது, வேலையை ஏற்கும் விகிதம் குறைந்தது என்று சொல்லிக் கணக்குகளை முடக்குகிறார்கள் என்பது.

கணக்கு முடக்கப்பட்டால் என்ன போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய கூலி மட்டும் என்றால் வேறு இடத்தில் ஈட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான வீடுகளில் உழைத்துச் சேர்த்த நட்சத்திரங்களும் பாராட்டுகளும் அந்தக் கணக்கோடு சேர்ந்து மறைகின்றன. வடக்குத்து மேஸ்திரி ஒருவர் ஹார்டுவேர் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டாலும் அவர் கட்டிய வீடுகள் தெருவில் நிற்கும். அவற்றைக் காட்டி அடுத்த வேலையைப் பிடிப்பார். செயலியில் உழைத்தவருக்கு எடுத்துக்கொண்டு போக எதுவும் இல்லை. வேலை அவருடையது, அதனால் வந்த நல்ல பெயர் நிறுவனத்தின் சொத்து. கமிஷனைவிடப் பெரிய அநியாயம் இதுதான். சட்டங்கள் இதுவரை சரியாகத் தொடாததும் இதுதான்.

யார் காசு கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம் தராசு சாயும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்று உண்டு. 1995இல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஆஞ்சி ஹிக்ஸ் என்ற இளம்பெண் வீடு வீடாகப் போய்ச் சந்தா சேர்த்து ஒரு பட்டியலைத் தொடங்கினார். எந்த ஒப்பந்தக்காரர் நன்றாக வேலை செய்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள வீட்டுக்காரர்கள் பணம் கட்டினார்கள். பின்னாளில் 'ஆஞ்சிஸ் லிஸ்ட்' மதிப்புரைகளை இலவசமாக்கியது. 2017இல் ஹோம்அட்வைசர் நிறுவனத்தோடு ஒரே குடையின் கீழ் வந்தது. ஹோம்அட்வைசரின் வரும்படி எதிர்த்திசையிலிருந்து வந்தது: வேலை தேடும் ஒப்பந்தக்காரர்களிடம் வாடிக்கையாளர் விவரங்களை விற்பது. வேலை கொடுக்கும் எண்ணமே இல்லாதவர்களின் விவரங்களையும் தரமானவை என்று சொல்லி விற்றதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2022இல் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. 2023இல் 72 லட்சம் டாலர் வரை திருப்பிக் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்தியாவிலும் சட்டம் மெல்ல நகர்கிறது. முதலமைச்சரின் 2023 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டபடி தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் இவை விபத்துக்கும் முதுமைக்கும் பணம் ஒதுக்குபவை. தொழிலாளியின் பெயரை அவரிடம் திருப்பித் தருபவை அல்ல.

அர்பன் கம்பெனி போன்றவை சுமார் 50 நகரங்களோடு நின்றுவிட்டன. குறிஞ்சிப்பாடி வட்டத்திலுள்ள வடக்குத்து போன்ற ஊருக்கு அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தாமதமாக வருவதில் ஒரு லாபம் உண்டு: முன்னால் போனவர்கள் விழுந்த பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. வடக்குத்திலும் நெய்வேலியிலும் ஒரு மாற்று ஏற்பாட்டுக்கான கருவிகள் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலிருந்து இயங்குகிறது. கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லோரையும் பதிவு செய்கிறது. மின்கம்பியாளர்களுக்கு அரசின் தகுதிச் சான்றிதழ் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கமும் நெய்வேலிக்குப் புதிதல்ல; இண்ட்கோசர்வ் என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இவற்றைச் சேர்த்து ஊரளவில் ஒரு பதிவேடு வைக்கலாம். தொழிலாளர்களின் கூட்டுறவு நடத்த, ஊராட்சி துணை நிற்கட்டும். வேலைக்கு இத்தனை விழுக்காடு என்ற கமிஷன் வேண்டாம். மாதத்துக்கு ஒரு சிறு தொகை போதும். பெங்களூரில் 2022இல் தொடங்கிய நம்ம யாத்ரி ஆட்டோ செயலி, கமிஷனை விட்டுவிட்டு ஓட்டுநரிடம் சிறு கட்டணம் மட்டும் வாங்கும் முறை நடக்கக்கூடியது என்று காட்டியிருக்கிறது. செயலி செய்யப் பணம் இல்லையென்றால் ஒரு தொலைபேசி எண்ணும் வாட்ஸ்அப்பும் போதும். சிறு வேலைகளுக்கு ஊரறிய விலைப்பட்டியல் வேண்டும். பெரிய வேலைக்கு ஒரு பக்கத் துண்டுச்சீட்டு: என்ன வேலை, என்ன பொருள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். மொட்டைமாடி வாட்டர் புரூஃபிங் என்றால் ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாங்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். முடித்த வேலைகளின் பட்டியலும் வீட்டுக்காரர்களின் கருத்தும் தொழிலாளியின் கையில் நகலாக இருக்க வேண்டும். நாளை அவர் வடலூருக்குப் போனாலும் பண்ருட்டிக்குப் போனாலும் அது கூடவே போகும்.

கூட்டுறவு என்றாலே கட்சிக்காரர்களின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. வேண்டியவர் பெயர் மேலே ஏறும், வேண்டாதவர் பெயர் அடியில் கிடக்கும். அதற்கு மருந்தும் இந்த ஊரிலேயே இருக்கிறது. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் சிவில், எலக்ட்ரிகல் பிரிவுகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் வடக்குத்துத் தெருக்களில் குடியிருக்கிறார்கள். பூச்சு வெடித்தது கலவையின் குற்றமா, வீட்டுக்காரர் மலிவு மணல் வாங்கிய குற்றமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள். தகராறு வரும்போது அவர்களில் ஒருவரும் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் சேர்ந்து வீட்டுக்கே போய்ப் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்லலாம். ஒரு நட்சத்திரம் குறைந்ததற்காக விளக்கம் கேட்காமல் முடக்கப்படும் கணக்கைவிட அது எவ்வளவோ மேல்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது மாவட்டம் முழுக்க ஒரே சமயத்தில் ஓடு மாற்றவும் வயர் இழுக்கவும் ஆள் தேவைப்பட்டது. அப்படியொரு நாளில் யாருக்கு என்ன வேலை தெரியும், எந்தத் தெருவில் இருக்கிறார் என்ற விவரம் ஓரிடத்தில் இருப்பது பேரிடர் நிர்வாகத்துக்கும் உதவும். மாவட்ட நிர்வாகம் இதை ஒரு சோதனை முயற்சியாக எடுத்துக்கொண்டு, மொட்டைமாடிக் கசிவு, குழாய், மின் இணைப்பு ஆகிய மூன்று வேலைகளோடு மட்டும் தொடங்கலாம். நல வாரியப் பதிவேட்டில் வடக்குத்து, இந்திரா நகர் முகவரியுள்ளவர்களைப் பிரித்தெடுத்து, அவர்களின் சம்மதத்தோடு பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அக்டோபர் மழைக்கு முன்னால் அது நடந்தால், இந்த ஆண்டே எத்தனை மாடிகள் ஒழுகாமல் நின்றன என்று கணக்கெடுத்துப் பார்த்துவிடலாம்.