பூட்டாத கதவும் சொல்லாத வியாபாரியும்

பழைய கார் வாங்கப் போகிறவர் செய்யும் பரீட்சைகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், பானெட்டைத் தூக்கச் சொல்லி எஞ்சினின் சத்தத்தைக் கேட்பார்; டயரின் தேய்மானத்தை விரலால் தடவிப் பார்ப்பார்; மீட்டர் காட்டும் கிலோமீட்டரைச் சந்தேகிப்பார்; ஏ.சி. குளிர்கிறதா என்று முகத்தைக் காட்டிப் பார்ப்பார். கதவை மட்டும், ஏறுவதற்கு ஒருமுறையும் இறங்குவதற்கு ஒருமுறையும் திறந்து மூடியதோடு திருப்தி அடைந்துவிடுவார். பேரம் முடிந்து, கிரயத்தைக் கொடுத்து, வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் குடும்பத்தோடு கோயிலுக்குப் புறப்படும் சமயத்தில்தான், ரிமோட்டை அமுக்கினால் மூன்று கதவுகள் பூட்டிக்கொள்ள நான்காவது கதவு மட்டும் மௌனம் சாதிப்பதும், பின்கதவு வெளியிலிருந்து திறக்குமே தவிர உள்ளிருந்து திறக்காது என்பதும், டிரைவர் பக்கத்துக் கதவில் சாவி நுழையுமே ஒழியத் திரும்பாது என்பதும் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.

இது பிரமாதமான நஷ்டமல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். காரின் மொத்த விலையோடு வைத்துப் பார்த்தால் ஒரு கதவுப் பூட்டைச் செப்பனிட ஆகும் செலவு அற்பமே. ஆனால், எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும் கோளாறு விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்காக வாதாட இடமுண்டு. அன்றாடம் அந்தக் கதவைத் திறந்து மூடிய ஒருவருக்கு அது பூட்டாது என்ற சங்கதி தெரியாமல் இருந்திருக்கவே முடியாது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தார், ஏனெனில் கேட்கப்படவில்லை. கேட்டால் மட்டும் சொல்வது, கேட்காவிட்டால் மறைப்பது என்ற இந்தச் சம்பிரதாயத்தின் மேல்தான் நம் நாட்டுப் பழைய கார் வியாபாரத்தில் பெரும்பகுதி நடந்துவருகிறது. அந்தச் சம்பிரதாயத்தை இனியும் அனுமதிக்கலாகாது என்பதும், தாம் அறிந்த பழுதுகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடமையை வியாபாரியின்மேல் சட்டமே சுமத்த வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

பழுதைப் பொறுத்துக்கொண்டு வாழ்வதில் நம்மவருக்கு உள்ள சாமர்த்தியம் அலாதியானது. “அந்தக் கதவு திறக்காதுங்க, இந்தப் பக்கமா வாங்க” என்று விருந்தாளியிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வீடுகளில், சில மாதங்களுக்குப் பிறகு அது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை. ஆனால் கதவு என்பது ஏறி இறங்கும் சௌகரியத்துக்காக மட்டும் அமைந்ததன்று. மோதிய வண்டியில் இருப்பவருக்கும், சுரங்கப்பாதையில் தேங்கிய வெள்ளத்தில் நின்றுபோன வண்டியில் இருப்பவருக்கும், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விளையாடப் புகுந்த குழந்தைகளுக்கும் அதுவே வெளியேறும் மார்க்கம். மின்சாரம் தடைப்பட்டாலும் உள்ளே இருப்பவர் கையாலேயே பூட்டை விடுவித்துக்கொள்ளும் ஏற்பாடு புதிய கார்களில் கட்டாயம் என்று 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து மத்திய அரசு விதித்ததும், வாடகைக் கார்களின் பின்கதவில் குழந்தைப் பூட்டே இருக்கலாகாது என்று அதே நாளிலிருந்து தடுத்ததும் வீண் கெடுபிடிகளல்ல. உள்ளே அகப்பட்டுக்கொண்ட மனிதனுக்கு ஒரு கைப்பிடியின் மதிப்பு என்ன என்பதை உணர்ந்து செய்தவை. அதற்கு முந்திய காலத்துக் கார்கள் இன்றும் ஏராளமாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன; அவற்றை வாங்குகிறவர் அந்த ஏற்பாடு தம் வண்டியில் உண்டா என்பதைத் தாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதவுக்குள் நடக்கும் காரியத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், பழுது எங்கே என்பதையும், அதற்கு நியாயமாக எவ்வளவு செலவாகும் என்பதையும் யாரும் அனுமானித்துவிடலாம். ‘சென்ட்ரல் லாக்’ உள்ள வண்டியில் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சிறிய மோட்டார் இருக்கிறது. மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும், திசை மாறிப் பாய்ந்தால் திறக்கும். நான்கு கதவுகளும் ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் சாவிக்கு மட்டும் கட்டுப்பட்டால், ரிமோட்டுக்குள் இருக்கும் காசு போன்ற பேட்டரி தீர்ந்திருக்கக் கூடும். சாவியைத் திருப்பியும் மற்றக் கதவுகள் அசையாவிட்டால் ஃபியூஸையோ டிரைவர் கதவில் உள்ள சுவிட்சையோ சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு கதவு மாத்திரம் முரண்டு பிடித்தால் கோளாறு அந்தக் கதவுக்குள்ளேதான். அங்கேயும் உடனே மோட்டாரைக் குற்றம் சாட்டிவிடக் கூடாது. கதவின் கீல் பக்கத்தில், உடலுக்கும் கதவுக்கும் நடுவே, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும்; கதவுக்குப் போகும் ஒயர்கள் அதன் வழியேதான் செல்கின்றன. கதவு திறக்கும்போதும் மூடும்போதும் அவை மடிந்து நிமிர்ந்து, காலக்கிரமத்தில் மேலுறை முழுசாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்துபோகிறது. கதவைப் பாதி திறந்த நிலையில் பூட்டும் பூட்டு, முழுவதும் மூடியபின் பூட்ட மறுத்தால் அறுந்திருப்பது அநேகமாக அந்த ஒயர்தான். இதைப் பாராமல் புதிய மோட்டாரை வாங்கிப் பொருத்திவிட்டு, அதுவும் வேலை செய்யவில்லை என்று கைபிசைகிறவர்கள் உண்டு.

சாவி நுழைந்தும் திரும்பாத பூட்டின் கதை வேறு. ரிமோட் வந்தபின் சாவித்துவாரத்தை யாரும் தொடுவதில்லை; ஆண்டுக்கணக்கில் தூசியும் பழைய கிரீஸும் அதற்குள் இறுகிவிடுகின்றன. வீட்டில் கைக்கு எட்டும் தேங்காயெண்ணெயை அதற்குள் விடுவது இன்னும் தூசியை அழைத்து உட்காரவைப்பதே ஆகும்; உலர்ந்த கிராஃபைட் தூளே அதற்கு உகந்தது. காரின் பேட்டரி முழுவதும் இறங்கிவிட்ட நாளில் உள்ளே புகுவதற்கு அந்த ஒரு துவாரம்தான் வழி என்பதை நினைத்தாவது அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

விலை பேசுமுன் கதவைக் கவனிப்பதற்கு இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெயிண்டும் பாலிஷும் மறைத்துவிடும் பூர்வகதையைப் பூட்டு பல சமயங்களில் காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சினை ஓட்டும் சாவி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறக்காவிட்டால், அந்தக் கதவோ பூட்டோ வேறொரு வண்டியிலிருந்து, சென்னைப் புதுப்பேட்டையில் இருப்பவை போன்ற பழைய சாமான் கடைகளின் வழியாக, இங்கே வந்து சேர்ந்திருக்கலாம். எதற்காக மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். கீலின் போல்ட்டுத் தலையில் பெயிண்ட் பெயர்ந்து ஸ்பானர் பட்ட தழும்பு தெரிந்தால், அந்தக் கதவு ஒருமுறை கழற்றப்பட்டது நிச்சயம். கதவைச் சற்றுத் தூக்கி மூடினால்தான் பூட்டு விழுகிறது என்றால், கீல் தேய்ந்திருக்க வேண்டும் அல்லது தூண் வளைந்திருக்க வேண்டும்; பின்னது விபத்தின் அடையாளம். ஒரு கதவல்ல, பல கதவுகளின் பூட்டும் கண்ணாடி மோட்டாரும் சேர்ந்தாற்போல் நோயுற்றிருந்தால், வண்டி தண்ணீரில் நின்றிருக்குமோ என்று சந்தேகிப்பது அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் சென்னையில் எத்தனை கார்கள் கூரைவரை மூழ்கிக் கிடந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் மிகையாகத் தோன்றாது. சீட் பெல்ட்டை அதன் கடைசிவரை இழுத்துப் பார்த்து, சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று நோக்கினால் பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

சாவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய காருக்கு இரண்டு சாவிகள் கொடுக்கப்படுகின்றன. பழைய கார் கைமாறும்போது, “இன்னொண்ணு தொலைஞ்சுபோச்சு சார்” என்ற சமாதானத்தோடு ஒன்று மட்டுமே வருவது சர்வசாதாரணம். திருட்டுக்கு நஷ்டஈடு கோரும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கும்படி கேட்பது வழக்கமாதலால், கைக்கு வராத அந்தச் சாவி பிற்காலத்தில் பெரிய வழக்காக முளைக்கலாம். பூட்டாத கதவோடு தெருவில் நிறுத்திய வண்டி களவுபோனால், தக்க ஜாக்கிரதை எடுக்கவில்லை என்ற ஆட்சேபமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அத்தகைய சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடமிருந்து வாங்கும் பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதித்துவிட்டு, வாங்குபவர் சரக்கைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது என்று விலக்கும் அளித்திருக்கிறது. கதவுப் பூட்டு இந்த விலக்கில் கச்சிதமாக அடங்கிவிடும் பழுது. வண்டியைச் சுற்றிப் பார்த்த ஒருவர் பூட்டைப் பார்க்கவில்லை என்றால், அவருடைய வாதம் பலஹீனப்பட்டுப் போகிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைவிடத் தாராளமானது: வியாபாரியின்மேல் புகார் செய்ய இரண்டு வருஷ அவகாசம் உண்டு, குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஆயினும் ஒரு பூட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தின் படியேறுகிறவர் எத்தனை பேர்? மேலும், தம் சொந்த வண்டியை விற்கும் தனிநபர் வியாபாரி அல்லராதலால் இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் அவர் வருவதில்லை.

2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பதிவான வண்டிகளை வாங்கி விற்பவர்கள் அதிகாரபூர்வமான அனுமதி பெற வேண்டும் என்று அரசு ஆக்கியது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது அமலில் இருக்கிறது. வண்டி வியாபாரியின் வசம் இருக்கும் காலத்தில் அதற்குப் பொறுப்பாளி யார் என்ற நெடுநாளைய குழப்பத்தை அது தீர்த்தது; வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் அதன் கவலையெல்லாம் உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதே. வண்டி என்ன நிலைமையில் போகிறது என்பதைப் பற்றிய கவலையும் அதோடு சேர்ந்தால்தான் காரியம் பூர்த்தியாகும். அமெரிக்காவில் வியாபாரி விற்கும் பழைய கார் ஒவ்வொன்றின் ஜன்னலிலும், அதற்கு உத்தரவாதம் உண்டா, உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறதா என்பதைச் சொல்லும் தாள் ஒட்டப்பட வேண்டும் என்ற விதி 1985 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனில் 2015-ஆம் வருஷத்துச் சட்டம், திருப்தியான தரத்தில் இல்லாத வண்டியை 30 நாட்களுக்குள் வியாபாரியிடமே திருப்பிக் கொடுக்கும் உரிமையை வாங்குபவருக்கு வழங்குகிறது. பழைய கார் வியாபாரம் அவ்விரு தேசங்களிலும் இதனால் படுத்துவிடவில்லை.

வியாபாரிகளின் பக்கத்து நியாயத்தையும் கேட்டாக வேண்டும். பத்து வருஷம் ஓடிய வண்டியைப் புதிய வண்டி போல எதிர்பார்ப்பது அநியாயம், ஒவ்வொரு சில்லறைப் பழுதையும் நாங்களே சரிசெய்துதான் விற்க வேண்டும் என்றால் அந்தச் செலவு விலையில்தான் ஏறும், கடைசியில் ஏழை வாங்குபவருக்கே அது பாரம் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆகையால்தான், சரிசெய்து கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சொல்லிக் கொடுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொன்ன நம் முன்னோர், காசு கொடுத்து வாங்கிய மாட்டைச் சந்தையில் பல்லும் சுழியும் பாராமல் ஓட்டி வந்ததில்லை. ஆனால் மாட்டுக்கு உள்ள பற்களை யாரும் எண்ணிவிடலாம், காருக்கு உள்ள உறுப்புகளை அவ்வாறு எண்ணிப் பார்க்கும் ஞானம் சாமானிய ஜனங்களுக்கு இல்லை. அறிவு ஒரு பக்கமே குவிந்திருக்கும் வியாபாரத்தில் பேசும் கடமையும் அந்தப் பக்கத்தையே சாரும்.

நான் கேட்கும் தாள் நீளமானதாக இருக்க வேண்டியதில்லை. உரிமை மாற்றத்துக்கு ஃபாரம் 29-உம் 30-உம் கையெழுத்தாகும்போதே, கதவுகள், பூட்டுகள், கண்ணாடிகள், சாவிகளின் எண்ணிக்கை, விபத்தோ வெள்ளமோ கண்ட விவரம், தமக்குத் தெரிந்த மற்றக் கோளாறுகள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வியாபாரி கையெழுத்திட வேண்டும். எழுதாமல் விட்டது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபணமானால், வாங்குபவர் வண்டியைப் பரிசோதித்தார் என்ற சாக்கு அவருக்கு உதவலாகாது. சட்டம் வரும்வரை வாங்குபவர் சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவையும் ரிமோட்டாலும் சாவியாலும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்டித் திறந்து பார்ப்பதற்குக் கால்மணி நேரம் போதும். கண்ட குறையை விலை ரசீதிலேயே எழுதும்படி கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

எழுதிக் கொடுத்தால் வாங்குகிறவர்கள் ஆயிரமோ இரண்டாயிரமோ குறைத்துக் கேட்பார்களே என்று வியாபாரிகள் அஞ்சுவார்களாயின், அந்த ஆயிரமும் இரண்டாயிரமும் இன்று தங்கள் மௌனத்துக்குக் கூலியாக வாங்கப்படுகின்றன என்பதை அந்த அச்சத்தாலேயே அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.