பதில் சொன்னது ஆளா? எந்திரமா?

கூமாப்பட்டியைத் தெரியாதவர் இன்று யார்? விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் உள்ள ஊர். 2025-ம் ஆண்டில் செல்போன் வீடியோ ஒன்றினால் தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்றது.

அந்த ஊருக்குப் புதிதாக ஒரு பஸ் விடப் போவதாக வைத்துக் கொள்வோம். "காலையில் வேண்டுமா, மாலையில் வேண்டுமா?" என்று இணையத்தில் கருத்துக் கேட்கிறார்கள். ஊர்க்காரர்கள் 500 பேர், "காலையில்" என்கிறார்கள். எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர், 5 ஆயிரம் பெயர்களில் "மாலையில்" என்கிறது. எது ஜெயிக்கும்? காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நடக்க வேண்டியதுதான்!

இது கற்பனை. ஆனால் இதைவிடப் பெரிய கூத்து உண்மையாகவே நடந்தது.

1 கோடியே 80 லட்சம் பொய்!

இணைய சேவை பற்றிய விதி ஒன்றை நீக்கலாமா என்று 2017-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தகவல் தொடர்பு ஆணையம் மக்களைக் கேட்டது. 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் குவிந்தன. நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம் இதை விசாரித்தது. சுமார் 1 கோடியே 80 லட்சம் பதில்கள் போலி என்று 2021-ல் அறிவித்தது.

அவற்றில் 77 லட்சம், 19 வயது கல்லூரி மாணவர் ஒருவர் கம்ப்யூட்டர் மூலம் கற்பனைப் பெயர்களில் அனுப்பியவை!

நம் நாட்டிலும் இதற்குப் பக்கத்தில் ஒரு சம்பவம் உண்டு. 2015 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) இணையக் கட்டணம் பற்றிக் கருத்துக் கேட்டது. பேஸ்புக் மூலம் லட்சக்கணக்கான கடிதங்கள் வந்தன. அனுப்பியவர்கள் ஆட்கள்தான். ஆனால் வாசகம் ஒன்றே. கேட்ட கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. எண்ணிக்கையைப் பார்த்து டிராய் மயங்கவில்லை. 2016 பிப்ரவரி 8-ந்தேதி, அந்தக் கடிதங்கள் கேட்டதற்கு மாறாகவே முடிவு செய்தது.

கண்டுபிடிப்பது எப்படி?

பத்து நிமிட வேலையைப் பத்து விநாடியில் முடித்தால் சந்தேகம். நூறு பேர் ஒரே வாக்கியத்தை எழுதினால் சந்தேகம். மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கேள்வியை ஒளித்து வைப்பதும் உண்டு. அதற்குப் பதில் வந்தால், எந்திரம் மாட்டிக் கொண்டது என்று அர்த்தம்! "3-ம் எண்ணைத் தொடுக" என்று கவனத்தைச் சோதிப்பார்கள். செல்போனுக்கு ரகசிய எண் அனுப்புவார்கள்.

ஆனால் எந்திரமும் படித்துக் கொண்டே வருகிறது. 2025-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், செயற்கை நுண்ணறிவு எந்திரம் கவனச் சோதனைகளில் 100-க்கு 99.8 வாங்கி விட்டது!

பதரோடு நெல்லும் போகலாமா?

இங்கேதான் ஆபத்து. எந்திரத்தைப் பிடிக்கிறோம் என்று சல்லடையை இறுக்கினால், விழுவது யார்? வளைந்து நெளிந்த ஆங்கில எழுத்தைக் காட்டி, "இது என்ன?" என்றால், இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மா என்ன செய்வார்? ஒரு வீட்டில் ஒரே செல்போன். மாமியார், மருமகள், மகன் மூவரும் அதிலேயே பதில் சொன்னால், "ஒரே ஆள் மூன்று முறை" என்று தள்ளி விடலாமா?

ஆகவே, தள்ளிய பதில்களைக் குப்பையில் போடக் கூடாது. சிலரையாவது போனில் அழைத்தோ, வீட்டுக்குப் போயோ கேட்க வேண்டும். கேள்விகள் தமிழில் இருக்க வேண்டும். எத்தனை பதில் வந்தது, எத்தனை தள்ளப்பட்டது, ஏன் என்பதையும் ஊரறியச் சொல்ல வேண்டும்.

நமக்கும் பொறுப்பு உண்டு. செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். உங்கள் பெயரில் இன்னொருவர் பேச இடம் கொடுக்காதீர்கள். எந்திரத்துக்குப் பஸ் வேண்டாம். பஸ் ஏறப் போவது நம் பிள்ளைகள்தான்!