மந்திரிகள் சொல்வது பதிலா, சமாளிப்பா?



பார்லிமென்ட் என்றாலே நம்மில் பலர் டி.வி. சேனலை மாற்றிவிடுகிறோம். "கத்திக்கினு கெடக்கறாங்க... இவுங்க பேசியா நம்ம ஊட்டு அடுப்பு எரியப் போவுது?" என்பார் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு அதில் சம்மதமில்லை. நாம் குடிக்கிற தண்ணீர், வாங்குகிற மீன், நம் பிள்ளைகள் இழுக்கிற மூச்சு எல்லாவற்றுக்கும் அங்கே ஒருவர் கேட்கும் கேள்விக்கும், மந்திரி தரும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

லோக்சபாவில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். ராஜ்யசபாவில் 2014-லிருந்து பகல் 12 மணிக்கு. நட்சத்திரக் குறி போட்ட கேள்வி என்றால் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அவரை மடக்கித் துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அதோடு சரி, மடக்க முடியாது. லோக்சபாவில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துக் கேள்வி 230. அந்த ஒரு மணி நேரத்தில் 20 கேள்வியும் முடிவதில்லை. மிச்சத்துக்கெல்லாம் காகிதம்தான்!

அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். உறுப்பினர் அ, ஆ, இ, ஈ என்று நான்கு கேள்வி கேட்டிருப்பார். பதிலில் "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒன்றாகச் சேர்த்து, அரசின் திட்டங்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கும். சங்கடமான அந்த 'இ' மட்டும் எங்கே போனது என்று தேட வேண்டும். வீட்டில் நாம், "சம்பளம் எவ்வளவு வந்தது, கடன் எவ்வளவு கட்டினீங்க, மிச்சம் எங்கே?" என்று கேட்டால், வீட்டுக்காரர் மூன்றையும் சேர்த்து, "இந்தக் குடும்பத்துக்காக நான் எவ்வளவோ பாடுபடறேன்" என்று சொன்னால் விடுவோமா? மிச்சம் எங்கே என்று கேட்டுத்தானே அடுத்த வேலை பார்ப்போம்!

இன்னொரு பதில், "கேள்வி எழவில்லை" என்பது. 2020-ம் ஆண்டு ஊரடங்கில் நடந்தே ஊர் போன தொழிலாளர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்தில் மட்டும் பதில். செப்டம்பர் 14-ந் தேதி, இறந்து போன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட புள்ளிவிவரம் வைத்திருக்கவில்லை என்று தொழிலாளர் துறை பதில் சொன்னது. குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுத்தீர்களா என்றதற்கு, மேற்கண்ட பதிலால் அந்தக் கேள்வியே எழவில்லையாம்! கணக்கு எடுக்காதது அவர்கள். அதையே காரணம் காட்டி நிவாரணம் இல்லை என்பதும் அவர்களே. அடுத்த ஆண்டு ஜூலை 20-ந் தேதி ராஜ்யசபாவில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் எதுவும் தனியாகத் தெரிவிக்கவில்லை என்று சுகாதாரத் துறை சொன்னது. கணக்கு மாநிலத்துடையதாம், நாங்கள் தொகுப்பதோடு சரி என்று கை கழுவியாயிற்று.

இந்தக் 'கை கழுவல்' எங்கள் வட சென்னைக்கு ரொம்பப் பழக்கம். மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை மத்திய அரசின் பொதுத்துறை. வடசென்னை அனல்மின் நிலையம் மாநில அரசுடையது. வல்லூர் அனல்மின் நிலையம் இரண்டு பேருக்கும் கூட்டு. எண்ணூர் காமராஜர் துறைமுகம் மத்திய அரசு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ மாநில அரசு. ஆனால் எங்கள் வீட்டு ஜன்னலில் படிகிற கரித்தூள், "நான் மத்திய அரசு, நான் மாநில அரசு" என்று பிரிந்து வருவதில்லையே! டில்லியில் கேட்டால் சென்னையைக் காட்டுகிறார்கள், சென்னையில் கேட்டால் டில்லியைக் காட்டுகிறார்கள்.

2023-ம் ஆண்டு டிசம்பரை நினைத்துப் பாருங்கள். 4-ந் தேதி மிக்ஜாம் புயல் மழை. அன்றைக்கே பார்லிமென்ட் குளிர்காலக் கூட்டத்தொடரும் ஆரம்பம். வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. படகு, வலை எல்லாம் கறுப்பு. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் பெண்களுக்கு வேலை போனது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கு எடுத்தது.

பார்லிமென்டில் கேள்வி கேட்க 15 நாள் முன்பாகவே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எண்ணெய் வந்த மறுநாளே ஓடிப்போய் நோட்டீஸ் கொடுத்தாலும், பதில் வரும் நேரத்தில் கூட்டத்தொடர் முடிகிற கட்டத்துக்கு வந்துவிடும். 21-ந் தேதியோடு முடிந்தும் விட்டது. இதற்கிடையில் 13-ந் தேதி சபைக்குள் இரண்டு பேர் குதித்த விவகாரம். உள்துறை மந்திரி பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக் கூச்சல். இரண்டு சபையிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். எங்கள் வட சென்னை உறுப்பினரும் அதில் ஒருவர். சஸ்பெண்ட் ஆனவர்கள் ஏற்கெனவே கொடுத்திருந்த கேள்விகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூச்சல் போட்டது சரியா, சஸ்பெண்ட் செய்தது சரியா என்பதைக் கட்சிக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒன்றுதான். உறுப்பினரை வெளியே நிறுத்தலாம், அவரை அனுப்பிய ஊரின் கேள்வியையும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

கூட்டத்தொடர் முடிந்து ஐந்தாம் நாள், 26-ந் தேதி நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. தூக்கத்தில் இருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பார்லிமென்ட் அடுத்துக் கூடியது ஜனவரி 31-ந் தேதி. அதற்குள் நாட்டுக்கு வேறு பேச்சு வந்துவிட்டது.

இப்படியெல்லாம் இருந்தாலும், கேட்டுப் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். 1957-ல் எல்.ஐ.சி. பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் போனதைப் பற்றி லோக்சபாவில் கேள்வி எழுந்தது. முதலில் சமாளிப்புப் பதில்தான் வந்தது. ஃபெரோஸ் காந்தி விடவில்லை. இத்தனைக்கும் அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் வேறு! நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958-ல் நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் நம் சென்னைக்காரர்தான். ஒரு கேள்வியை விடாமல் பிடித்தால் மந்திரி நாற்காலியும் ஆடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மந்திரி "பரிசீலனையில் உள்ளது", "விவரம் சேகரிக்கப்படுகிறது" என்று சொன்னால் அது சும்மா வார்த்தை இல்லை. சபைக்குக் கொடுத்த வாக்குறுதிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க 1953-லிருந்தே லோக்சபாவில் ஒரு கமிட்டி இருக்கிறது. சீட்டுப் பணத்துக்குத் தவணை தவறினால் வாசலில் வந்து நிற்கிறோமே, இந்தத் தவணையை எத்தனை பேர் கேட்கிறோம்?

ஆகவே என் யோசனைகள் மூன்று. ஒன்று, அ, ஆ, இ என்று கேட்டால் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சபாநாயகர் கண்டிப்பு காட்ட வேண்டும். இரண்டு, குறுகிய நோட்டீஸ் கேள்வி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் மந்திரி சம்மதித்தால்தான் அதற்குப் பதில். விஷவாயு, எண்ணெய்க் கசிவு மாதிரி உயிர் போகிற விஷயத்தில் சம்மதம் கேட்கிற வழக்கமே கூடாது. மூன்று, நம் ஊர் சம்பந்தமான பதில்களைத் தமிழில் அச்சடித்து, ரேஷன் கடை வாசலில் ஒட்ட வேண்டும். க்யூவில் நிற்கிற நேரத்தில் படித்துக்கொள்வோம்.

நம் பங்குக்கும் ஒரு வேலை உண்டு. ஓட்டு கேட்க வந்தபோது கும்பிட்டாரே, அந்த உறுப்பினருக்கு நம் தெருப் பெண்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதுவோம். "குழாயை யார் சோதித்தது, எந்தத் தேதியில் சோதித்தது, அபாயச் சங்கு எங்கே வைத்திருக்கிறது" என்று, மழுப்ப இடம் கொடுக்காத கேள்வியாக எழுதிக் கொடுப்போம். பதில் வந்ததா என்று அடுத்த மாதம் மறுபடி கேட்போம்.

கீரைக்காரியிடம் எட்டணாவுக்கு வழக்காடின கூட்டம் நாம். மந்திரியிடம் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

— ஒரு குடும்பத் தலைவி, திருவொற்றியூர்