சுட்டவர் யார்? பழி யாருக்கு?

சிந்திக்கக் கற்பிப்பதே கல்வி என்று கூறாத ஆசிரியர் இலர். ஆயினும், கற்ற இளைஞர் மெய்யாகவே சிந்தித்து, அரசு நடத்தும் போரை நோக்கி ‘ஏன்?’ என்று வினவும்போது சமுதாயம் அவரை எவ்வாறு நடத்துகின்றது? அமெரிக்க வரலாறு இதற்குக் கசப்பானதொரு விடையைத் தருகின்றது.

1970 ஏப்ரல் 20ஆம் நாள், வியட்நாமிலிருந்து 1,50,000 வீரரைத் திரும்ப அழைப்பதாக அதிபர் நிக்சன் அறிவித்தார். பத்தே நாள் கழித்து, கம்போடியாவுக்குள்ளும் படை புகுவதாக அவரே அறிவித்தார். மாணவர் கொதித்தெழுந்தனர். மே 4ஆம் நாள், ஓஹையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தில் தேசியக் காவற்படையினர் பதின்மூன்று வினாடிகள் சுட்டனர். மாணவர் நால்வர் மாண்டனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். மாண்டவருள் ஒருவர் படைப்பயிற்சி பெற்றுவந்த மாணவர். மற்றொருவர் வகுப்புக்கு நடந்து சென்றவர்.

நாடு கண்ணீர் வடித்ததா? கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் நூற்றுக்கு 58 பேர் மாணவர்மீதே பழி சுமத்தினர். காவற்படையைக் குறை கூறியவர் 11 பேரே! மே 8ஆம் நாள் நியூயார்க் வீதியில் கட்டடத் தொழிலாளர் மாணவரை அடித்து நொறுக்கினர். அதே மாதத்தில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் கல்லூரியில் காவலர் சுட்டதில் கறுப்பின இளைஞர் இருவர் மாண்டனர். அவரை நினைப்பாரும் அரியராயினர்.

தொழிலாளரின் சினத்தில் நியாயமே இல்லை என்பதற்கில்லை. ஏழையின் மகன் போர்க்களம் சென்றான். கல்லூரி மாணவனோ படைச்சேர்ப்பினின்று விலக்குப் பெற்றான். ஆனால், அவ்விலக்கை வகுத்தவன் மாணவனா? போரை நிறுத்துக என்றவன், அத்தொழிலாளியின் மகனும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்றல்லவா கேட்டான்?

“மாணவர் கட்டடத்தைக் கொளுத்தவில்லையா?” என்பர் சிலர். மே 2ஆம் நாள் அவ்வளாகத்தில் படைப்பயிற்சிக் கட்டடம் எரிந்தது உண்மை. தீ வைத்தது குற்றமே. குற்றவாளியைக் கண்டுபிடித்து வழக்குமன்றத்தில் நிறுத்துவதே முறை. இரண்டு நாள் கழித்து வகுப்புக்குச் செல்லும் மாணவியைச் சுடுவது எந்த நாட்டு முறை? மாணவர் வன்முறையைக் கண்டித்த ஆணைக்குழுவே, அத்துப்பாக்கிச் சூடு தேவையற்றது, மன்னிக்கவொண்ணாதது என்று அதே ஆண்டில் முடிவு கூறியது. அக்குழுவை அமைத்தவர் நிக்சனேயாவார்.

போரை முன்நின்று நடத்திய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, அது தவறு என்று 1995இல் எழுதினார். அதற்குள் ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரரும், எண்ணற்ற வியட்நாமியரும் மண்ணோடு மண்ணாகியிருந்தனர். அமைச்சருக்குக் காலங்கடந்து விளங்கிய உண்மை மாணவருக்கு முன்னரே விளங்கியிருந்தது. பெரியோர் அன்று அளந்தது மாணவரின் தலைமுடியின் நீளத்தை. அளக்க மறந்தது அவர்தம் வினாவின் ஆழத்தை.

மாணவர் தவறே செய்யார் என்பதன்று வாதம். தவறு கண்டால் திருத்துக. வாதம் பிழையாயின் வாதத்தால் வெல்லுக. ஆனால், கேட்கத் துணிந்தான் என்பதற்காகவே ஒருவனைப் பழிக்கும் ஆசிரியர், தாம் வகுப்பறையில் கற்பித்ததைத் தாமே மறுப்பவராவார். வினாவுக்கு விடை கூறுவதே ஆசிரியர் கடன். வினவியவன் வாயை அடைப்பதன்று.