'பார்' எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

நான் சாஃப்ட்வேர் என்ஜினீயர் என்பதால், கம்ப்யூட்டர் வாங்கப் போகும் நண்பர்கள் 'எத்தனை கிகாஹெர்ட்ஸ்?' என்று என்னிடம் கேட்பார்கள். எஸ்பிரஸோ மெஷின் வாங்குபவர்கள் 'எத்தனை பார்?' என்கிறார்கள். இரண்டும் ஒரே ரகம். பெட்டி மேல் உள்ள பெரிய எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

15 பார், 20 பார் என்று அச்சிட்டிருப்பது பம்ப் தரக்கூடிய அதிகபட்ச அழுத்தம். காபி இறங்க சுமார் 9 பார் போதும். 1961-ல் இத்தாலியில் வந்த ஃபேமா இ61 மெஷினும் 9 பாரில்தான் இயங்கியது. எனவே எண்ணுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல கிரைண்டர் வாங்குங்கள் என்பதே என் கருத்து.

18 கிராம் தூளில் சுமார் 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும். சீக்கிரம் இறங்கினால் இன்னும் நைஸாக அரையுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கினால் சற்று கொரகொரப்பாக அரையுங்கள். கடையில் அரைத்து வாங்கிய தூளில் இப்படிச் சரிசெய்ய முடியாது. சிக்கரி கலந்த தூளும் வேண்டாம்.

பால் நுரைத்தவுடன் ஸ்டீம் குழாயை ஈரத் துணியால் துடைத்து, ஒரு விநாடி ஆவியைத் திறந்து விடுங்கள். விட்டால் பால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்பு படியும். கையேட்டில் சொன்னபடி அதை நீக்குங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லையா? மெஷினே வேண்டாம். நம் வீட்டு ஃபில்டருக்குப் பம்பும் இல்லை, பாரும் இல்லை. காபி நன்றாகவே இறங்குகிறது!