பிளேட் போச்சா? சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்!

கியர் விழவில்லை என்று போனாலே "கிளட்ச் பிளேட் போச்சு சார்" என்கிறார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டுச் சம்பளத்தில் பாதியைக் கொட்டிக் கொடுக்கிறீர்கள். ஏன் என்று கேட்கவா நான் சொல்லித் தரவில்லை?

என்ஜின் அணைந்திருக்கையில் சுலபமாக விழும் கியர், ஓடுகையில் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை. முதலில் கேபிளை, ஹைட்ராலிக் என்றால் ஆயில் கசிவைப் பார்க்க வேண்டும்.

பிளேட் தேய்ந்தால் அடையாளம் வேறு. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் அலறும், வேகம் ஏறாது. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். என்ஜின் அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாவிட்டால் வழுக்குகிறது; கேபிள் இறுக்கத்தைச் சரிபார்த்த பிறகே பிளேட்டை மாற்றுங்கள்.

மெக்கானிக்கை மட்டும் திட்டாதீர்கள். ஓட்டும்போதெல்லாம் கிளட்ச் மேல் காலை வைத்துத் தேய்ப்பது யார்? காலை எடுங்கள்!