கொண்டச்சிப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

ஆண்டுதோறும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் நாடெங்கும் உபதேச மழை பொழியத் தொடங்கிவிடுகின்றது. நல்ல கல்லூரியைத் தெரிவு செய்யுங்கள், நல்ல பாடநெறியைத் தெரிவு செய்யுங்கள், கிடைத்த வாய்ப்பை நழுவ விடாதீர்கள் என்று மேடைதோறும் முழங்குவோர்க்குப் பஞ்சமில்லை. அறிவுரை நல்லதே, அதனை நாம் இகழவில்லை. ஆயினும் ஒன்று கேட்கின்றோம். தெரிவு செய்க என்று சொல்லுமுன், தெரிவதற்கு இரண்டு பொருளாவது கண்முன்னே இருக்க வேண்டாமா? இலையில் ஒரே கறியை இட்டுவிட்டு, விரும்பியதை எடுத்து உண்க என்று விருந்தினனை உபசரித்தல் விருந்தோம்பலா, பரிகாசமா?

இக்கேள்வியை நாம் காற்றிலே கேட்கவில்லை. கொண்டச்சிக் கரையிலே நின்று கேட்கின்றோம். மன்னார் மாவட்டத்தில், அருவியாற்றுக்குத் தெற்கே, அரிப்பையும் சிலாவத்துறையையும் அடுத்துக் கிடக்கும் முசலிப் பகுதியின் கரையோரச் சிற்றூர் கொண்டச்சி. இன்று கொழும்பிலுள்ளோர் பலர் அதன் பெயரையும் அறியார். ஆனால் 1803ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த றொபேட் பெர்சிவலின் இலங்கை பற்றிய நூலிலே, கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பு விரிவாக வருணிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்றே அரிப்பிலே மாளிகை எழுப்பினான். முத்து போயிற்று; மாளிகையும் இடிந்து கடலுக்குள் சரிகின்றது.

முத்து போன கதையிலே நமக்கொரு பாடம் உண்டு. முத்துச் சிப்பி ஏன் சில ஆண்டுகளில் பெருகுகின்றது, ஏன் பல ஆண்டுகள் மறைந்துவிடுகின்றது என்று ஆராய 1902இல் இங்கு வந்தவர் யார்? லிவர்ப்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் ஹேட்மன். அவருடைய ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. மூச்சடக்கிக் கடலடியிற் சென்றவர்கள் நம் கரையினரும் எதிர்க்கரையினரும் அரபு நாட்டவரும். அக்கடலைப் பற்றிய கல்வியோ லிவர்ப்பூலில் இருந்தது. உழைப்பு ஓரிடத்தும் அறிவு வேறோரிடத்தும் இருந்தால், ஊதியம் அறிவுள்ள இடத்தையே நாடிச் செல்லும். நூறாண்டு கழிந்தும் இந்நிலை மாறியதா? 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் கரையிலே முப்பது காற்றாலைகள் சுழலத் தொடங்கின. காற்று நம்முடையது, கரை நம்முடையது. அவற்றை அமைக்கவும் இயக்கவும் கற்ற பொறியியலாளருள் முசலிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு மூளை இல்லையா? இருக்கிறது. முயற்சி இல்லையா? அதுவும் இருக்கிறது. இல்லாதது எது? இந்த நாட்டில் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழ 10,000. அவற்றுள் உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ள ‘1 ஏபி’ வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ 1,000 மட்டுமே. ‘1 சி’ வகையில் கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானம் இல்லை. இரண்டாம் வகை பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். ஆகவே, கல்லூரியைத் தெரிவு செய்வது உயர்தரப் பெறுபேறு வந்த பின் நிகழும் செயல் என்று நினைப்பது பெரும் பிழை. பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறு மாதமே, அது நிகழ்ந்துவிடுகின்றது. அருகிலுள்ள பாடசாலையில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பிக்க ஆசிரியர் இல்லையெனில், அப்பிள்ளை பொறியியலையும் மருத்துவத்தையும் விரும்பவில்லை என்று பொருளா? அப்பிள்ளைக்காக வேறு எவரோ, கேளாமலே, தெரிவு செய்துவிட்டனர் என்பதே பொருள்.

“மன்னார் பின்தங்கிய மாவட்டந்தானே? அதற்கென்று ஒதுக்கீடு உண்டே!” என்று சிலர் குறுக்கிடுவர். அதையும் ஆராய்வோம். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 இடம் மாவட்ட மக்கள் தொகைப்படியும், எஞ்சிய 5 இடம் கல்வி வசதி குன்றிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அந்தப் பதினாறில் மன்னாரும் ஒன்று. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர் நெஞ்சிற் பாய்ந்த வேல் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு மன்னார், வவுனியா போன்ற இடங்களுக்கு ஒரு சிறு கதவைத் திறந்தது என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

அந்தக் கதவு யாருக்குத் திறக்கின்றது என்பதே கேள்வி. கலைத்துறைப் பாடநெறிகளுக்கு இந்த மாவட்டப் பங்கீடு இல்லை; அங்கே நாடளாவிய திறமை வரிசை ஒன்றே அளவுகோல். கிராமத்துப் பாடசாலையிலோ கலைத்துறை மட்டுமே கிட்டும்! பின்தங்கிய பிள்ளைக்கென்று சட்டம் நீட்டிய கை, பின்தங்கிய பிள்ளை நிற்கும் இடத்தை எட்டவில்லை. விஞ்ஞானம் உள்ள இடத்திற் சலுகை உண்டு. சலுகை வேண்டிய இடத்தில் விஞ்ஞானம் இல்லை. மாவட்டம் முழுவதும் ஒரே கணக்கு என்பதால், மன்னார் நகரத்துப் பிள்ளையும் முசலிப் பிள்ளையும் ஒரே இடத்துக்கே போட்டியிடுகின்றனர். கலைத்துறை தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. விரும்பிக் கற்பவனுக்கு வரலாறும் பொருளியலும் பெருஞ் செல்வம். வேறு வழியின்றித் தள்ளப்படுவதே கொடுமை என்கின்றோம்.

இப்பகுதிக்கு இன்னொரு துயரமும் உண்டு. 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேரைச் சில நாள்களுக்குள் வெளியேற்றினர். முசலியின் முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்து முகாம்களிலே வாழ்ந்தன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அங்கேயே எழுத்தறிந்தனர். 2009இற்குப் பின்னரே பெருமளவில் மீளத் தொடங்கினர். மீண்டவர்கள் காடு மண்டிய வளவையும் சிதைந்த பாடசாலையையுமே கண்டனர். தமிழ் பேசும் மக்கள் ஒரே மக்கள் என்று தந்தை செல்வா காலத்திலிருந்து மேடையிற் சொல்லி வருகின்றோம். அச்சொல் மெய்யாயின், முசலிப் பாடசாலைக்கு ஒரு கணித ஆசிரியரை அனுப்புவதிலே அது மெய்ப்பிக்கப்படட்டும்.

“பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிடுங்கள்” என்பது அடுத்த உபதேசம். வசதி உள்ளவர் அனுப்புகின்றனர். அகத்திமுறிப்புக் குளத்து நீரை நம்பி ஒரு போகம் விதைக்கும் கமக்காரன் விடுதிக்கும் தனியார் வகுப்புக்கும் எங்கே போவான்? காணியை ஈடு வைப்பான். அல்லது ஆண்பிள்ளையை அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளையை நிறுத்திவிடுவான். வல்ல பிள்ளைகள் போகப் போக ஊர்ப் பாடசாலை மெலியும். மாணவர் தொகை குறைந்தது என்று சொல்லி ஆசிரியரையும் மாற்றுவர். ஆசிரியர் போனபின் எஞ்சிய பிள்ளையும் போகும். ஒருவர் தப்புவதற்கு அனுப்புதல் வழியாகலாம்; ஊர் உய்வதற்கு அது வழியன்று.

பெயர் மோகம் இதனிலும் கேடானது. புகழ்பெற்ற கல்லூரியின் கழுத்துப்பட்டி கட்டினால் அறிவு தானே வந்துவிடும் என்று மயங்குவோர் படித்தவர்களிலும் பலர். பெயர் பழையதாயிருக்கலாம், இன்று கரும்பலகை முன் நிற்பவர் யார்? பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இப்பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா? அவர் இரண்டு ஆண்டும் இருப்பாரா, இடையில் மாறிவிடுவாரா? ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கின்றதா, பிள்ளைகள் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றதா? சென்ற ஆண்டு இத்துறையிற் பரீட்சை எழுதியோர் எத்தனை பேர், சித்தியடைந்தோர் எத்தனை பேர்? சிறந்த ஒருவனின் படத்தை மதிலிலே தொங்கவிட்டிருப்பர். மற்றைய முப்பது பேரும் என்ன ஆயினர் என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரிய விடை தரும் சிறிய பாடசாலை, விடை தராத பெரிய கல்லூரியிலும் மேலானது.

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து முழுமையாகப் படித்தல் வேண்டும். எந்த மாவட்டத்தவராகக் கணிக்கப்படுவர் என்ற விதியை, புத்தளத்திற் படித்து மீண்ட குடும்பங்கள் குறிப்பாக ஊன்றிப் படிக்க. விருப்ப வரிசையிலே மெய்யாக விரும்புவதையே முதலில் எழுதுக. அதற்குரிய இசட் புள்ளி இல்லையெனில் தெரிவு அடுத்ததற்குச் செல்லும். மேலே ஒன்றை எழுதியதாற் கீழுள்ளது கெட்டுவிடாது. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியைக் கண்டு அஞ்சித் தன் விருப்பத்தைத் தானே வெட்டிக்கொள்வது பேதைமை. தொலைவிலுள்ள பெரும்பெயரே வேண்டுமென்பதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு.

தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வருள் ஒருவருக்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிட்டுகின்றது. எஞ்சிய மூவரின் கண்ணீரை நம்பிக் கடை விரித்திருப்போர் பலர். பட்டம் தருகிறோம், வெளிநாடு அனுப்புகிறோம் என்பார்கள். பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி: 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இப்பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா? வெளிநாட்டுப் பட்டமாயின் அந்நாட்டுப் பல்கலைக்கழகம் மெய்யானதா? எழுத்திலே விடை தராதவனிடம் ஒரு சதமும் கொடுக்கற்க. கல்வியியற் கல்லூரி, விவசாயக் கல்லூரி, தேசிய தொழிற்றகைமை தரும் தொழினுட்ப நிறுவனங்கள் என்பன தோல்வியுற்றோரின் புகலிடம் என்ற எண்ணத்தையும் ஒழித்தல் வேண்டும். கிளிநொச்சியில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் இயந்திரம் கற்றவன், வெறும் பட்டத்தோடு வேலைக்குக் காத்திருப்பவனிலும் எவ்வகையிற் குறைந்தான்?

கல்லூரியினுள்ளே புகுந்த பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். இலவசக் கல்வி என்கின்றோம். 1945இல் கன்னங்கரா அதனைப் பெற்றுத் தந்த நாள் முதல் அதற்கு விலை கொடுப்பவன் வரி இறுக்கும் கமக்காரனும் கடற்றொழிலாளியும் தோட்டத் தொழிலாளியுமே. ஆகவே விரிவுரைக் குறிப்பை நெட்டுருச் செய்து பரீட்சையில் இறக்கிவைப்பதோடு நில்லாதீர்கள். நூலகத்தை உங்கள் இரண்டாம் வீடாக்குங்கள். முதலாண்டிலேயே ஆங்கிலத்தைப் பற்றிக்கொள்ளுங்கள், சிங்களமும் பயிலுங்கள். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்தது திணிப்பை எதிர்த்தது. மொழியைப் பகைத்தது அன்று. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் ஏனைய உதவிப் பணத்துக்கும் உரிய நாளில் விண்ணப்பியுங்கள். விளங்காததை விரிவுரையாளரிடம் சென்று கேளுங்கள், கேட்பது வெட்கமன்று. பகிடிவதை என்ற காட்டுமிராண்டித்தனத்தை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அதற்குப் பணியாதீர்கள்; பின்னாளில் நீங்களும் அதைச் செய்யாதீர்கள்.

இனி, செய்ய வேண்டியது எது? மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கு நாம் சொல்வது இதுவே: முசலிப் பகுதியின் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுக்கு முழு எண்ணிக்கையில் ஆசிரியரை நியமியுங்கள், நியமனம் பெற்று மறு ஆண்டே நகரத்துக்கு மாற்றம் வாங்கும் வழக்கத்தை நிறுத்துங்கள், தொலைவிலிருந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு விடுதி அமையுங்கள். ஆசிரியர் தங்க வீடில்லை என்பீராயின் வீடு கட்டுங்கள். படையினருக்கு முகாம் கட்டத் தெரிந்த அரசுக்கு ஆசிரியருக்கு நான்கு அறை கட்டத் தெரியாதா?

உத்தியோகத்தரும் வைத்தியரும் பொறியியலாளருமான அன்பர்களே, உங்களுட் பலர் கிராமத்துப் பாடசாலையின் வாங்கிலிருந்து எழுந்தவர்களே. விடுமுறையில் ஒரு வாரம் இத்தகைய பாடசாலையிற் சென்று பாடம் சொல்வது உங்களால் இயலாததா? கமக்காரப் பெருமக்களே, நீர்ப்பங்கீடு பிழைத்தால் கமக்காரர் அமைப்பைக் கூட்டி அதிகாரியைக் கேள்வி கேட்கின்றீர்கள். பிள்ளைக்குக் கணித ஆசிரியர் இல்லாதபோது ஏன் வாளாவிருக்கின்றீர்கள்? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். வெற்றிடம் எத்தனை என்று எழுத்திலே கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். வயலுக்கு வாய்க்கால் எப்படியோ, பிள்ளைக்கு ஆசிரியர் அப்படி. வாய்க்கால் வெட்டாது விட்டுப் பயிரைப் பழிப்பவன் கமக்காரன் ஆகான்.

கொண்டச்சிப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்று கேட்போர்க்கு நம் விடை இதுவே: அது விரும்பும் கல்லூரி. அவ்விருப்பம் வெறுஞ் சொல்லாகாதிருக்க, முதலில் கொண்டச்சிப் பிள்ளை நடந்து செல்லும் பாடசாலையின் கதவைத் திறவுங்கள். ஆசிரியரை உள்ளே அனுப்புங்கள். அதன் பின்னர் உபதேசம் செய்ய வாருங்கள்.